'எக்கோ நார்மல்' என்றால் என்ன அர்த்தம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பது என் பழக்கம். அதில் புரிந்ததைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம். ஆனால் கையில் ஒரு ரிப்போர்ட் வரும்போது அதை எப்படிப் படிப்பது என்பதற்கு இது உதவலாம். நான் அதைத் தப்பாகப் படித்தேன். அதனால்தான் இந்தப் பதிவு.

நடந்தது

என் சித்தப்பா ஆவடியில் இருக்கிறார். வயசு 67. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் தரப் பரிசோதனை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு அயோர்ட்டிக் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அதிலிருந்து வார்ஃபரின் மாத்திரை, மாசாமாசம் ஐ.என்.ஆர். பரிசோதனை என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

திடீரென்று சாயங்கால நேரத்தில் காய்ச்சல் வர ஆரம்பித்தது. பெரிய காய்ச்சல் இல்லை, 100, 101 அவ்வளவுதான். ராத்திரி வேர்த்துக் கொட்டும், காலையில் சரியாகிவிடும். தெருமுனை கிளினிக்கில் டெங்கு பார்த்தாச்சு, டைஃபாய்டு பார்த்தாச்சு, இரண்டும் இல்லை. ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், காய்ச்சல் விட்டது. நிறுத்தின நாலாம் நாள் திரும்ப வந்தது. இன்னொரு கோர்ஸ், அதே கதை. மூணு வாரத்தில் நாலு கிலோ குறைந்துவிட்டார். சித்தி போன் பண்ணி அழுதபிறகுதான் நான் போய் ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன்.

அங்கே மார்பின் மேல் கருவியை வைத்து எடுக்கும் வழக்கமான எக்கோ எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'வெஜிடேஷன் எதுவும் தெளிவாகத் தென்படவில்லை' என்று இருந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'எக்கோ நார்மல்' என்று போட்டுவிட்டேன். எல்லாரும் கைகூப்பிய பொம்மை அனுப்பினார்கள்.

மறுநாள் கார்டியாலஜிஸ்ட் வந்து, "டீ டபுள் ஈ எடுக்கணும்" என்றார். தொண்டை வழியாகக் குழாய் விட்டு உணவுக்குழாய்க்குள்ளிருந்து எடுக்கும் எக்கோ. "எக்கோதான் நார்மல்னு வந்துருச்சே டாக்டர், எதுக்கு இன்னொண்ணு?" என்று கேட்டேன். பில்லை ஏற்றத்தான் சொல்கிறார்கள் என்று மனசுக்குள் ஒரு சந்தேகம். வயசானவர், ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர், தொண்டைக்குள் குழாய் விடுவதா என்று பயம் வேறு. இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று இரண்டு நாள் இழுத்தேன்.

மூன்றாம் நாள் அந்த கார்டியாலஜிஸ்ட் பொறுமையாகச் சொன்னார்: "சார், அந்த எக்கோ 'இல்லை'ன்னு சொல்லல. 'எனக்குத் தெரியல'ன்னு சொல்லுது. ரெண்டும் ஒண்ணில்ல."

ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. படம் தெளிவு குறைவு, உலோக வால்வின் நிழல் விழுகிறது, நோய் அறிகுறி இருந்தால் உணவுக்குழாய் வழி எக்கோ எடுக்கவும். மூணு நாளாக அந்தத் தாள் என் பையில்தான் இருந்தது. லாக் ஃபைலில் எரர் இல்லை என்பதால் புரோகிராமில் பிழை இல்லை என்று முடிவுகட்டும் ஜூனியர் பையனை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! லாக்கே சரியாகப் பதிவாகவில்லை என்றால் எரர் எங்கிருந்து தெரியும்?

என்ன வியாதி இது?

பெயர் இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ். இதயத்தின் உள்சவ்வில், முக்கியமாக வால்வுகளில், கிருமி குடியேறுவது. நல்ல வால்வின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், கிருமி ஒட்டாது. வால்வு பழுதானாலோ, செயற்கை வால்வு வைத்திருந்தாலோ அந்த இடத்தில் ரத்தத் தட்டணுக்களும் ஃபைப்ரின் என்ற நார்ப்பொருளும் மெல்லப் படியும். பல் ஈறிலிருந்தோ, தோல் புண்ணிலிருந்தோ, ஊசி போட்ட இடத்திலிருந்தோ ரத்தத்தில் கலந்த கிருமி அந்தப் படிவில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் இன்னும் படிவு, அதற்குள் இன்னும் கிருமி. இப்படி வளர்கிற கொத்துக்குப் பெயர்தான் வெஜிடேஷன். காய்கறிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சுவரில் பாசி பிடிப்பது போல வால்வில் பிடிக்கும் ஒரு வளர்ச்சி.

இதில் மூன்று ஆபத்து. ஒன்று, வால்வு இதழ் அரிக்கப்பட்டு ஒழுக ஆரம்பித்து இதயம் திணறும். இரண்டு, கொத்தில் ஒரு துண்டு உடைந்து ரத்தத்தோடு போய் மூளையில் அடைத்தால் பக்கவாதம். 10 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்த வெஜிடேஷனில் இந்த ஆபத்து கூடுகிறது. மூன்று, கிருமி வால்வைத் தாண்டி அதன் அடிச்சுவருக்குள் இறங்கிச் சீழ்க்கட்டி ஆகும். பெனிசிலின் வருவதற்கு முன் இந்த வியாதி வந்தால் கிட்டத்தட்ட மரணம்தான். இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலர் 1911ல் இதில்தான் இறந்தார். நியூயார்க்கில் அவர் ரத்தத்தைக் கல்ச்சர் வைத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்கள், கொல்லத்தான் மருந்து இல்லை. இன்றைக்கு நல்ல மருந்தும் அறுவை சிகிச்சையும் இருந்தும், மருத்துவமனையில் சேர்கிறவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேர் அங்கேயே இறக்கிறார்கள் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2015 வழிகாட்டி சொல்கிறது.

ஆக, வெஜிடேஷன் இருக்கா இல்லையா என்பது சும்மா ஒரு ரிப்போர்ட் வரி இல்லை. இருந்தால் ஆறு வாரம் ரத்தநாளம் வழியாக மருந்து, ஒருவேளை ஆபரேஷன். இல்லையென்றால் காய்ச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

கப்பல் பட்டறையிலிருந்து வந்த கருவி

எக்கோ என்பது ஒலி அனுப்பி எதிரொலி கேட்பது. இதன் பூர்வீகம் மருத்துவமனை இல்லை. உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசோனிக் கருவியைத் தொழிற்சாலைகளில் வைத்திருந்தார்கள். ஸ்வீடனில் லண்ட் நகரத்தில் இங்கே எட்லர் என்ற இதய மருத்துவரும் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் சேர்ந்து, மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் அப்படி ஒரு கருவியைக் கடன் வாங்கிப் பார்த்தார்கள். 1953 அக்டோபரில் இதயத்தின் அசைவை அந்த முறையில் பதிவு செய்தார்கள். எக்கோவின் பிறப்பு அதுதான். 1973ல் அமெரிக்காவில் டில்லன், ஃபைகன்பாம் குழுவினர் வால்வு வெஜிடேஷன் எக்கோவில் எப்படித் தெரியும் என்று எழுதினார்கள். 1976ல் சிகாகோவில் ஃப்ரேஸின் குழு ஒலிக்கருவியை உணவுக்குழாய்க்குள் இறக்கிப் பார்த்தது. 1980களில் வளையும் எண்டோஸ்கோப் நுனியில் நகரும் படம் காட்டும் கருவியைப் பொருத்தியபிறகு அது மருத்துவமனைகளில் பரவியது.

ஏன் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்?

ஆடி மாசம் திருவேற்காடு பக்கம் போயிருக்கிறீர்களா? நாலு தெரு தள்ளி நின்றால் ஸ்பீக்கரிலிருந்து 'டம் டம்' மட்டும்தான் கேட்கும். என்ன பாட்டு, என்ன வார்த்தை என்று தெரியாது. கனமான ஒலி தூரம் போகும், கூர்மையான ஒலி வழியிலேயே தேய்ந்துவிடும். வார்த்தை கேட்க வேண்டுமானால் கிட்டே போக வேண்டும். இரண்டு எக்கோவுக்கும் உள்ள வித்தியாசம் மொத்தமும் இதில் அடங்கிவிடும்.

இப்போது கணக்கு. உடல் திசுவில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர். 3 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் அரை மில்லிமீட்டர். 7 மெகாஹெர்ட்ஸ் என்றால் 0.22 மில்லிமீட்டர். அலைநீளம் சின்னதாக இருந்தால் நுணுக்கம் அதிகம். அப்படியானால் எல்லாவற்றுக்கும் 7 மெகாஹெர்ட்ஸே வைத்துக்கொள்ளலாமே? முடியாது. திசு ஒலியைத் தின்கிறது. தோராயமாக ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் அரை டெசிபல்.

மார்பின் மேலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழம் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போக 15, வர 15, மொத்தம் 30. 3 மெகாஹெர்ட்ஸில் இழப்பு 30 × 3 × 0.5 = 45 டெசிபல். 7 மெகாஹெர்ட்ஸில் 105 டெசிபல். வித்தியாசம் 60 டெசிபல்தானே என்று நினைக்காதீர்கள். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு, 60 என்றால் பத்து லட்சம் மடங்கு. திரும்பி வரும் எதிரொலி இரைச்சலில் கரைந்துபோகும்.

உணவுக்குழாய் இதயத்தின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டுதான் போகிறது. இடது மேலறைக்கு நேர் பின்னால். அங்கிருந்து வால்வுக்கு 6 சென்டிமீட்டர் என்று வைத்தால், 12 × 7 × 0.5 = 42 டெசிபல். அதாவது வெளியிலிருந்து 3 மெகாஹெர்ட்ஸில் ஆகிற அதே இழப்புக்கு, உள்ளே இருந்து இரண்டு மடங்குக்கு மேல் நுணுக்கமான படம் கிடைக்கிறது. நடுவில் விலா எலும்பு இல்லை, காற்று நிறைந்த நுரையீரல் இல்லை, கொழுப்பு இல்லை. இது அதிக விலை இயந்திரத்தால் வருகிற பலன் இல்லை, நிற்கிற இடத்தால் வருகிற பலன்.

எண்கள் என்ன சொல்கின்றன?

1988ல் ஜெர்மனியில் எர்பெல் குழு 96 பேரில் இரண்டு முறையையும் ஒப்பிட்டது. வெளி எக்கோ 63 சதவீத நோயாளிகளில் கண்டுபிடித்தது, உள் எக்கோ 100 சதவீதம். அளவு வாரியாகப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவு. 5 மில்லிமீட்டருக்குள் இருந்த வெஜிடேஷன்களில் வெளி எக்கோவுக்குத் தெரிந்தது நாலில் ஒன்று. 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை 69 சதவீதம். அதற்கு மேல் எல்லாமே தெரிந்தது. பெரிசு எப்படியும் தெரியும், ஆரம்பத்தில் இருப்பதுதான் தப்பிக்கும். நமக்குத் தேவையோ ஆரம்பத்திலேயே பிடிப்பது.

சீழ்க்கட்டியில் இடைவெளி இன்னும் பெரிசு. ஹானோவரில் டேனியல் குழு 118 நோயாளிகளை ஆராய்ந்து 1991ல் வெளியிட்டது. ஆபரேஷனிலோ பிரேதப் பரிசோதனையிலோ 46 இடங்களில் சீழ்க்கட்டி உறுதியானது. அதில் வெளி எக்கோ காட்டியது 13, உள் எக்கோ காட்டியது 40. இந்த ஆய்வு எனக்குப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. பல ஆய்வுகளில் 'நோய் இருக்கிறது' என்று முடிவு சொல்வதில் எக்கோவே ஒரு பங்கு வகிக்கிறது. தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துகிற மாதிரி. இங்கே கத்தி வைத்துத் திறந்து பார்த்தபிறகு மார்க் போட்டிருக்கிறார்கள்.

2015 ஐரோப்பிய வழிகாட்டி தொகுத்துச் சொல்வது இது. இயற்கை வால்வில் வெளி எக்கோ 70 சதவீதம், உள் எக்கோ 96 சதவீதம் பிடிக்கும். செயற்கை வால்வில் 50, 92. சீழ்க்கட்டியில் 50, 90. நோய் இல்லாதவரை 'இல்லை' என்று சரியாகச் சொல்வதில் இரண்டுமே ஏறத்தாழ 90.

நான் போட வேண்டியிருந்த கணக்கு

இந்த இடத்தில்தான் நான் சறுக்கினேன். 'ரிப்போர்ட் நெகட்டிவ்' என்றால் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? அது கருவியை மட்டும் பொறுத்தது இல்லை, ரிப்போர்ட் வருவதற்கு முன் சந்தேகம் எவ்வளவு இருந்தது என்பதையும் பொறுத்தது.

முதல் கூட்டம்: சாதாரணக் காய்ச்சல்காரர்கள் 1000 பேர். இயற்கை வால்வுதான். இவர்களில் 50 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளி எக்கோ 35 பேரைப் பிடிக்கும், 15 பேரைத் தவறவிடும். நோய் இல்லாத 950 பேரில் 855 பேருக்குச் சரியாக நெகட்டிவ். ஆக நெகட்டிவ் வந்த 870 பேரில் 15 பேருக்குத்தான் நோய். 2 சதவீதத்துக்கும் கீழே. இவர்களுக்கு 'எக்கோ நார்மல்' என்றால் பெரும்பாலும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

இரண்டாவது கூட்டம்: செயற்கை வால்வு, மூணு வாரக் காய்ச்சல், எடை குறைவு. 100 பேரில் 50 பேருக்கு நோய் என்று வைப்போம். செயற்கை வால்வில் வெளி எக்கோ பாதிப்பேரைத்தான் பிடிக்கும், அதாவது 25. மீதி 25 பேருக்கு நெகட்டிவ். நோய் இல்லாத 50 பேரில் 45 பேருக்கு நெகட்டிவ். மொத்த நெகட்டிவ் 70, அதில் 25 பேருக்கு நோய் இருக்கிறது. மூணில் ஒருவருக்கு மேல்! இதே கூட்டத்துக்கு உள் எக்கோ எடுத்தால் தவறுவது 4 பேர். நெகட்டிவ் 49, அதில் 4. சுமார் 8 சதவீதம்.

சித்தப்பா இரண்டாவது கூட்டத்தில் இருந்தார். நான் அவர் ரிப்போர்ட்டை முதல் கூட்டத்துக்காரனைப் போலப் படித்தேன்.

அப்படியானால் காய்ச்சல் வந்த எல்லாருக்கும் உள் எக்கோ எடுத்துவிடலாமா? அதுவும் தப்பு. முதல் கூட்டத்துக்குத் திரும்புங்கள். உள் எக்கோ 50ல் 48 பேரைப் பிடிக்கும். ஆனால் நோய் இல்லாத 950 பேரில் 95 பேருக்கும் 'இருக்கிறது' என்று சொல்லும். பாசிட்டிவ் வந்த 143 பேரில் மூணில் இரண்டு பங்கு பேருக்கு வியாதியே இல்லை. வயசானவர்களின் வால்வில் இயல்பாகவே மெல்லிய நார் போன்ற இழைகள் இருக்கும். சுண்ணாம்புப் படிவு, ரத்தக் கட்டி, எப்போதோ ஆறிப்போன பழைய வெஜிடேஷன், லூபஸ் நோயில் வரும் கிருமி இல்லாத வளர்ச்சி, எல்லாமே படத்தில் ஏமாற்றும். அந்த 95 பேருக்கும் ஆறு வாரம் மருந்து ஏற்றுவதா?

அதனால்தான் எக்கோவை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. 1994ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டுராக் குழு ஒரு விதிமுறை வகுத்தது. பிளட் கல்ச்சர் ஒரு முக்கிய சாட்சி, எக்கோ இன்னொரு முக்கிய சாட்சி, காய்ச்சல் போன்றவை துணை சாட்சிகள். 1981ல் வந்த முந்தைய விதிமுறையில் எக்கோவுக்கு இடமே இல்லை. டியூக் விதிமுறையை 2000ல் திருத்தினார்கள், 2023ல் சி.டி., பெட் ஸ்கேன் இரண்டையும் எக்கோவோடு சேர்த்து விரிவாக்கினார்கள்.

உலோகத்தின் நிழல்

உலோகமோ கார்பனோ ஒலியைத் தாண்டிப் போக விடாது. அதற்குப் பின்னால் கறுப்பு நிழல் விழும். தெருவிளக்குக்கு எதிரே லாரி நின்றால் பின்னால் இருட்டாவது போல. எந்தப் பக்கமிருந்து ஒலி அனுப்புகிறோமோ அதற்கு மறுபக்கம் நிழல்.

மைட்ரல் வால்வு உலோகம் என்றால் மார்பிலிருந்து பார்க்கும்போது நிழல் இடது மேலறையை மூடிவிடும். பின்னாலிருந்து பார்க்கும் உள் எக்கோவுக்கு அந்த அறை கண்ணெதிரே இருக்கும். அயோர்ட்டிக் வால்வு உலோகம் என்றால் கதை இரண்டு பக்கமும். வெளி எக்கோவில் வேர்ப்பகுதியின் பின்சுவர் மறையும், உள் எக்கோவில் முன்சுவர் மறையும். முன்சுவரில் சீழ்க்கட்டி இருந்தால் வெளி எக்கோதான் காட்டிக்கொடுக்கலாம்.

ஆகவே 'பழசு, புதுசு' என்று இதைப் பார்க்கக் கூடாது. வெளி எக்கோ எல்லாருக்கும் முதலில் எடுக்க வேண்டியதுதான். பட்டினி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், படுக்கையிலேயே எடுக்கலாம், இதயம் எவ்வளவு பலமாக இயங்குகிறது என்றும் தெரியும். வலப்பக்கத்து டிரைகஸ்பிட் வால்வு மார்புக்கு அருகில் இருப்பதால் அதை வெளியிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். செயற்கை வால்வோ பேஸ்மேக்கரோ இருந்தால், படம் தெளிவில்லை என்றால், நெகட்டிவ் வந்தும் சந்தேகம் பலமாக இருந்தால் உள் எக்கோ. வெளி எக்கோவிலேயே வெஜிடேஷன் தெரிந்தாலும் சீழ்க்கட்டி, ஓட்டை எதுவும் இருக்கிறதா என்று பார்க்கப் பெரும்பாலும் உள் எக்கோவும் எடுப்பார்கள். உள் எக்கோவும் நெகட்டிவ், ஆனால் சந்தேகம் போகவில்லை என்றால் 5 முதல் 7 நாள் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்கிறது வழிகாட்டி. முளைக்காத விதையை எந்தக் கேமராவும் காட்டாது.

குழாய்க்குப் பயந்தது நியாயமா?

பயம் நியாயம், அளவுதான் தப்பு. ஆறு மணி நேரம் பட்டினி, தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே, லேசான மயக்க ஊசி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து விரல் தடிமன் குழாய். சித்தப்பாவுக்கு இருபது நிமிஷத்தில் முடிந்தது. 1991ல் டேனியல் குழு 15 ஐரோப்பிய மையங்களில் நடந்த 10,419 பரிசோதனைகளைத் தொகுத்தது. 201 பேருக்குக் குழாய் உள்ளே போகவில்லை. இறந்தவர் ஒருவர், அவருக்கு உணவுக்குழாய் வரை பரவிய புற்றுக்கட்டி இருந்தது. உணவுக்குழாய் சுருக்கம், கட்டி, சமீபத்தில் அங்கே ஆபரேஷன், விழுங்க முடியாத தொல்லை இதெல்லாம் இருந்தால் முன்கூட்டியே கட்டாயம் சொல்ல வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுவது மட்டுமே தடை இல்லை, ஐ.என்.ஆர். அளவு பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

நம் ஊர்க் கதை

பணக்கார நாடுகளில் இது பெரும்பாலும் வயசானவர்களின் வியாதி. இங்கே அப்படி இல்லை. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையில் 1981 முதல் 1991 வரை வந்தவர்களின் சராசரி வயசு 25. அதில் 42 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே ருமாட்டிக் இதய நோய் இருந்தது. லக்னோ எஸ்.ஜி.பி.ஜி.ஐ.யில் 1992 முதல் 2001 வரை பார்த்த கணக்கிலும் சராசரி வயசு முப்பதுக்குக் கீழேதான். சின்ன வயசில் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டதில் வால்வு பழுதாகி, பிறகு அதே வால்வில் கிருமி.

எங்கள் பக்கத்துக்கு ஒன்றும் இதய மருத்துவம் புதுசில்லை. இதே ரயில் பாதையில் இருக்கிற பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் 1975ல் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் கரோனரி பைபாஸ் செய்தார். முகப்பேரில் பெரிய இதய மருத்துவமனைகள் இருக்கின்றன. தூரம் இல்லை குறை. குறை முந்தின படியில். காய்ச்சல் என்றதும் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். அது ரத்தத்தில் சுற்றும் கிருமியைக் கொஞ்சம் அடக்கிவிடும், வால்வில் இருப்பதைக் கொல்லாது. பிறகு கல்ச்சர் வைத்தால் ஒன்றும் வளராது. சித்தப்பாவுக்கு வைத்த மூன்று கல்ச்சரிலும் ஒன்றும் வளரவில்லை. இரண்டு முக்கிய சாட்சிகளில் ஒன்று ஊமையாகிவிட்டது. அப்போது எக்கோவின் மேல் விழுகிற பாரம் இரட்டிப்பு ஆகிறது.

கடைசியில்

உள் எக்கோவுக்குச் சம்மதித்தது நான் இல்லை, சித்தப்பாதான். டாக்டர் படம் வரைந்து காட்டிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கிட்டார். "வெல்டுக்குள்ள கிராக் பார்க்க நாங்களும் இதே மெஷின்தான் வச்சிருந்தோம். நீங்க ஜெல் தடவுறீங்க, நாங்க கிரீஸ் தடவுவோம். ஒரு பக்கம் வச்சுத் தெரியலைன்னா மறுபக்கம் வச்சுப் பார்ப்போம். தெரியலைங்கறதுக்காக ஜாப்பை பாஸ் பண்ணி அனுப்ப மாட்டோம்." என்னைப் பார்த்து, "நீ ஏண்டா பயப்படுற, முழுங்கப் போறது நான்தானே" என்றார்.

படத்தில் வால்வு வளையத்தில் 8 மில்லிமீட்டர் வெஜிடேஷன், பின்சுவரில் சீழ்க்கட்டி ஆரம்பம். வெளி எக்கோவில் நிழல் விழுந்த அதே இடம். திரும்ப ஆபரேஷன், ஆறு வாரம் மருந்து. இப்போது வீட்டில் இருக்கிறார். இளைத்துவிட்டார், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நான் இழுத்த இரண்டு நாளில் அந்தச் சீழ் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் மரியாதைக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

வீட்டில் செயற்கை வால்வோ, பழுதான வால்வோ, பேஸ்மேக்கரோ உள்ளவர்கள் இருந்தால் மூன்று விஷயம் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், வால்வு விஷயத்தை டாக்டரிடம் சொல்லி, பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். எடுத்தால் ஒன்று போதாது, தனித்தனி ஊசியில் மூன்று முறை எடுப்பதுதான் வழக்கம்.

2. எக்கோ ரிப்போர்ட்டில் முடிவு வரியோடு நிறுத்தாமல், படம் தெளிவாக இருந்ததா என்ற வரியையும் தேடிப் படியுங்கள்.

3. 'நெகட்டிவ்' என்று வந்தால் டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "இல்லைன்னு தெரியுதா, இல்ல தெரியலையா?"

வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட 'எக்கோ நார்மல்' இன்னும் அப்படியே இருக்கிறது. அழிக்கவில்லை.